நிசப்தம் ஓட்டலில் தோன்ச்சோவுக்கு ஓர் இடம்

தன் கருமாதிச் சாப்பாட்டைத் தானே வாங்கிச் சாப்பிட்டு, நன்றாயிருக்கிறதே என்று இன்னொரு தடவையும் கேட்டு வாங்கி, சர்க்கரை கொஞ்சம் கம்மி என்று குறையும் சொல்லிவிட்டு வந்த மனுஷன் இந்தப் பூமியில் தான் ஒருவன்தான் என்று தோன்ச்சோ நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்லுவார்.

எந்த ஊரில் இதைச் சொன்னாலும் சிரிப்பார்கள். அவருடைய சொந்த ஊரான கோர்னாவில் சிரிக்கக்கூட மாட்டார்கள். கோர்னா ரயில் சந்திப்பில் ஒலிபெருக்கி அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். “சோஃபியாவிலிருந்து வரும் வண்டி இன்னும் ஐந்து நிமிடங்களில் வந்து சேரும்” என்று வெண்கல மணி மாதிரிக் குரலில் அறிவிப்பார். அந்த ஐந்து நிமிடத்தை நம்பி நடைமேடையில் நின்றே தலை நரைத்தவர்கள் ஊரில் பாதிப் பேர். ஒருத்திக்கு அந்த ஐந்து நிமிடத்துக்குள் பிரசவம் ஆகி, குழந்தை தானே நடந்து போய் வண்டி ஏறியது என்றும் சொல்வார்கள். அப்படிப்பட்டவர் சொல்வதை எவன் நம்புவான்?

ஊர் நம்பாதது போகட்டும். மதினி ஸ்லாவ்கா நம்பாததுதான் அவருக்கு வினையாக இருந்தது. ஸ்லாவ்கா அவர் மனைவி நெவெனாவின் அக்கா. வார்னா நகரத்தில், கடலுக்கு நாலு தெரு தள்ளி, தனியாக ஒரு அடுக்குமாடி வீட்டில் இருப்பவள். தோன்ச்சோ “இன்னைக்கு வெயில்” என்று சொன்னால் குடையைத் தேடுகிற ரகம்.

வசந்தத்தில் ஒரு நாள் நெவெனா பெட்டியைக் கட்டிக்கொண்டு அந்த அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். காரணம் கடல். தோன்ச்சோ ஒவ்வொரு கோடையிலும் அவளை வார்னாவுக்குக் கூட்டிப்போகத்தான் செய்தார். ஆனால் தங்கியது ரயில்வே ஊழியர் ஓய்வில்லத்தில். ஜன்னலைத் திறந்தால் சரக்கு வண்டிகள் தடம் மாறும். கடல் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. சமையற்கட்டுக்குப் பின்னால், குப்பைத் தொட்டி வைத்திருக்கும் சுவருக்கு அந்தப் பக்கம்.

“ஆயுசுக்கும் ஒரே ஒரு ஜன்னல்தான் கேட்டேன்,” என்று நெவெனா வாசற்படியில் நின்று சொன்னாள். “கடல் தெரியணும். ரயில் தெரியக்கூடாது. அப்படி ஒரு ஜன்னலைப் பிடிச்சுட்டுக் கூப்பிடு தோன்ச்சோ, வர்றேன். இல்லேன்னா, குளிர் வந்ததும் என் கம்பளிக் கோட்டை அனுப்பி வைக்கச் சொல்லுவேன். கோட்டு அங்க வந்துடுச்சுன்னா நான் இங்க வரமாட்டேன்னு அர்த்தம்.”

கோட்டு அலமாரியில் தொங்கிக்கொண்டிருந்தது. கோடை பூராவும் தோன்ச்சோ தினம் ஒரு தடவை அலமாரியைத் திறந்து பார்த்து மூடினார். செப்டம்பர் பிறந்து, காலையில் வாயிலிருந்து புகை வர ஆரம்பித்ததும் அது நாலு தடவையாயிற்று. கடல் தெரியும் ஜன்னல் என்று விசாரித்த இடமெல்லாம் நிரம்பியிருந்தது. கடைசியில் பல் வைத்தியர் வீட்டுக் காத்திருப்பு அறையில் ஒரு வழவழப்பான பத்திரிகையில் பார்த்தார்: வார்னா கடற்பூங்காவுக்கு மேலே, பழைய தானிய வியாபாரி ஒருவரின் மாளிகை, ஆறே அறைகள், ‘நிசப்தம்’ என்று பெயர். படத்தில் ஆள் ஒருவரும் இல்லை. ஒரு வெள்ளைத் துணி மட்டும் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

பக்கத்தைக் கிழித்துக்கொண்டு வந்து போன் செய்தார்.

“நிசப்தம்,” என்றது ஒரு பெண்குரல். அதோடு பேச்சு நின்றுவிட்டது.

“ஹலோ? ஓட்டல்தானே?”

“இருக்கோம்,” என்றது குரல். பஞ்சு வைத்துத் துடைத்த மாதிரி அவ்வளவு மெத்து. “என் பேர் இவெலினா. நீங்க பேசுங்க.”

“ஒரு ரூம் வேணும்மா. ரெண்டு பேருக்கு. கடல் தெரியற ஜன்னலோட.”

“நாங்க ரூம் தர்றதில்ல ஐயா. இடம் தர்றோம். எங்ககிட்ட யாரும் பதிவு பண்றதும் இல்ல. நாங்க ஏத்துக்கறோம்.”

“அப்போ ஏத்துக்கோங்க. கொஞ்சம் அவசரம்.”

“அவசரமே படாதீங்க. எல்லாரும் கடைசியில எங்ககிட்டதான் வர்றாங்க.” காகிதம் புரளும் சத்தம் கேட்டது. “உங்க வாழ்க்கையைக் கொஞ்சம் சொல்லுங்க.”

தோன்ச்சோ சொன்னார். பிறந்தது, பள்ளி, ராணுவம், ரயில் நிலையம், கல்யாணம், ஓய்வு. சொல்லி முடித்துப் பார்த்தால் அடுப்பில் வைத்த பால் இன்னும் பொங்கவில்லை.

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்னு நினைக்கறேன்.”

“பரவாயில்ல. எங்க எழுத்தாளர் எதையும் அழகாக்கிடுவார். ஒரு விஷயம் மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க. கேள்வி கேக்கறவங்களை நாங்க ஏத்துக்கறதில்ல. கேள்வி இருக்குன்னா அவங்க இன்னும் தயாராகலைன்னு அர்த்தம்.”

தோன்ச்சோவின் வாயில் அந்த நேரத்தில் ஒன்பது கேள்விகள் இருந்தன. கம்பளிக் கோட்டை நினைத்துக்கொண்டார். ஒன்பதையும் விழுங்கினார்.

அடுத்து அவருடைய படம் ஒன்று கேட்டார்கள். சிரிக்காத படம். நேராகப் பார்க்கிற, டை கட்டிய படம். “சிரிப்பு எங்க வடிவமைப்புக்கு ஒத்துவராது,” என்றாள் இவெலினா. அவரிடம் அப்படி ஒரே ஒரு படம்தான் இருந்தது. மேசை விரிப்புகளுக்கு அடியில், இழுப்பறையில். நெவெனாவே தேர்ந்தெடுத்து வைத்தது. “இது அதுக்கு ஆகும்,” என்று சொல்லித்தான் வைத்தாள். அதுக்கு என்றால் எதுக்கு என்று அந்த நாட்டில் எந்த வீட்டிலும் கேட்க மாட்டார்கள். ஒவ்வொரு வீட்டிலும் அப்படி ஒரு படம் எடுத்து வைத்திருப்பார்கள். தோன்ச்சோவுக்கு அதை எடுக்கும்போது விரல் கொஞ்சம் கூசியது. ஆனாலும் அனுப்பினார். ஓட்டலுக்கும் அது மிகவும் பிடித்துப்போயிற்று.

பிறகு தச்சர் பேசினார். ஓட்டலில் ஒவ்வொரு விருந்தினருக்கும் அவரவர் அளவுக்குத்தான் கட்டில் செய்வார்களாம். வால்நட் மரம், உள்ளே வெள்ளைச் சாட்டின் தைத்தது.

“உயரம் சொல்லுங்கண்ணே. ம். தோள் அகலம்? ம். கைய எப்படி வச்சுத் தூங்குவீங்க, பக்கத்துலயா, நெஞ்சு மேலயா?”

“குப்புறப் படுப்பேன்பா.”

தச்சர் பென்சிலால் எதையோ அடிக்கிற சத்தம் கேட்டது. “இங்க வந்தா மல்லாக்கத்தான் படுப்பீங்கண்ணே. பழகிடும்,” என்றார்.

“ரெண்டு பேருக்கு இடம் இருக்கும்ல?” என்று கேட்க நினைத்து, அது கேள்வி என்பதால் தோன்ச்சோ இருமிக்கொண்டார்.

கடைசி நேர்காணல் இயக்குநரோடு. அவர் பெயர் கலோயான். சின்ன வயதிலேயே வடக்கு தேசங்களுக்குப் போய், தங்குமிடக் கலை படித்து, சொந்த மண்ணுக்குச் சேவை செய்யத் திரும்பியவர். கைப்பேசித் திரையில் கறுப்புச் சட்டை, வெளுத்த முகம், பின்னால் வெள்ளைச் சுவர். கண் சிமிட்டுவது அவருக்கு அனாவசியச் செலவு போலிருந்தது.

“தோன்ச்சோ அண்ணே, மத்த ஓட்டல்காரங்க விளம்பரம் பண்றாங்க,” என்று அவர் ஆரம்பித்தார். “யார் படிக்கறா? நான் திரும்பி வந்த முதல் நாள் வார்னா தெருவுல நடந்தேன். பெரிய பெரிய விளம்பரப் பலகை, ஒருத்தர் தலை நிமிர்ந்து பார்க்கல. ஆனா ஒரு மரத்துல சின்னக் காகிதம் ஒன்னு ஒட்டியிருந்துச்சு. அதை எல்லாரும் நின்னு படிச்சாங்க. தொப்பியைக் கழட்டிட்டுப் படிச்சாங்க. ஒரு அம்மா அழுதாங்க. எந்தச் சோப்பு விளம்பரத்துக்கு யார் அழுதிருக்கா, சொல்லுங்க? அன்னைக்கே முடிவு பண்ணேன். இதுதான் மண்ணோட வடிவம். எங்க விருந்தினர் வர்றதை இனிமே நகரம் இப்படித்தான் தெரிஞ்சுக்கும். உங்க வருகையை வார்னா மறக்காது.”

மரத்தில் ஒட்டும் காகிதம் என்றால் எது என்று கோர்னாவில் பால்குடிக் குழந்தைக்கும் தெரியும். கறுப்புக் கட்டம், நடுவில் சிரிக்காத முகம், கீழே பிறந்த வருஷம், அதற்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கோடு, அதைத் தாண்டி இறந்த வருஷம்.  இருக்காது, படித்தவர்கள், வெளிநாடு போய் வந்தவர்கள், வேறு ஏதோ காகிதத்தைச் சொல்கிறார்கள் என்று தோன்ச்சோ மனதைத் தேற்றிக்கொண்டார்.

“சம்மதம்தானே?” என்றார் கலோயான்.

“ஜன்னல்...”

“அது கேள்வியா?”

“இல்ல இல்ல. சம்மதம்.”

நெவெனாவுக்குப் போன் செய்து, “வெள்ளிக்கிழமை, கடல் தெரியற ஜன்னல், ஓட்டல் நிசப்தம்,” என்று சொன்னார். பின்னணியில் ஸ்லாவ்காவின் குரல் கேட்டது: “இன்னும் அஞ்சு நிமிஷத்துல கடலே வந்து சேரும்னு சொல்றானா?” நெவெனா சிரிக்கவில்லை. “அவங்க உறுதி பண்ணட்டும், அப்புறம் பேசு தோன்ச்சோ. அக்கா சொல்றதும் சரியாத்தான் இருக்கு. உன் குரல் ரொம்ப நல்ல குரல். அதுதான் பயமா இருக்கு,” என்று வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு கோர்னாவில் விசித்திரங்கள் நடக்க ஆரம்பித்தன. பக்கத்து வீட்டு கிரோ, வேலிக்கு மேல் சாய்ந்த பிளம் மரத்துக்காக அவரோடு பல வருஷமாகப் பேசாதவன், ஒரு கூடை நிறையப் பழத்தோடு வந்து நின்றான். கண் கலங்கியிருந்தது.

“என்னடா கிரோ?”

“ஒன்னுமில்லண்ணே. வார்னாலேர்ந்து ஒரு பொண்ணு போன் பண்ணுச்சு. நீங்க எப்படிப்பட்டவரா இருந்தீங்கன்னு கேட்டுச்சு. தங்கமான மனுஷன்னு சொல்லிட்டேன்.” மூக்கை உறிஞ்சினான். “டாக்டர் என்ன சொல்றார்?”

“எந்த டாக்டர்?”

“நீங்க சொல்ல வேண்டாம்ணே. தெரியும்,” என்று கிரோ அவர் தோளைத் தட்டிவிட்டுப் போனான். அன்று சாயங்காலமே கசாப்புக் கடைக்காரன் எலும்பில்லாத கறியாகப் பொறுக்கிக் கட்டிக் கொடுத்தான். மருந்துக் கடை வரிசையில் எல்லோரும் விலகி வழிவிட்டார்கள். தோன்ச்சோ தன் மரியாதை கூடிவிட்டது என்று மகிழ்ந்தார். நடுவில் ஒரு தடவை மட்டும், யாரும் பார்க்காதபோது, தன் நாடியைப் பிடித்துப் பார்த்துக்கொண்டார்.

இவெலினா கடைசியாக ஒருமுறை பேசினாள். “இனி கைப்பேசியை அணைச்சிடுங்க. திரைச்சீலையை மூடிடுங்க. யாரையும் பார்க்க வேண்டாம். உலகத்தோட இருக்கற கட்டெல்லாம் கொஞ்சம் கொஞ்சமா அவிழணும். அப்படி வர்றவங்கதான் எங்ககிட்ட நல்லா இளைப்பாறுறாங்க. பூ எவ்வளவு வைக்கட்டும்? நாங்க எப்பவும் இரட்டைப்படையிலதான் வைப்போம். சமச்சீர் எங்க கொள்கை.”

இரட்டைப்படையில் பூ வைப்பது செத்தவர்களுக்குத்தான் என்பதும் தோன்ச்சோவுக்குத் தெரியும். விழுங்கினார். திரைச்சீலையை இழுத்து மூடினார்.

வெள்ளிக்கிழமை மதியம், படத்தில் இருந்த அதே சூட்டைப் போட்டு, அதே டையைக் கட்டிக்கொண்டு, வார்னா நிலையத்தில் இறங்கினார். முதல் காகிதம் நிலையத்துக்கு எதிரேயிருந்த மரத்தில் இருந்தது. இரண்டாவது பேக்கரிக் கதவில். பிறகு எண்ணுவதை விட்டுவிட்டார். கடற்பூங்கா வரைக்கும் ஒரு மரம் மிச்சமில்லாமல், ஒரு விளக்குக் கம்பம் மிச்சமில்லாமல், கறுப்புக் கட்டத்துக்குள்ளிருந்து அவர் முகம் அவரையே சிரிக்காமல் பார்த்தது.

*தோன்ச்சோ பெத்ரோவ் கரலேயெவ். 1954 –*

*ரயில்களை நேசித்தார். கடலை நேசித்தார். யாரிடமும் எந்தக் கேள்வியும் இல்லாதவர்.*

*நீண்ட பயணத்தின் முடிவில் இந்த வெள்ளிக்கிழமை எங்களிடம் வருகிறார். அவருக்கான இடம் தயார்.*

*நிசப்தம்.*

ஒரு கிழவர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு படித்துக்கொண்டிருந்தார். முடித்துவிட்டுத் திரும்பினார். காகிதத்தைப் பார்த்தார். தோன்ச்சோவைப் பார்த்தார். மறுபடியும் காகிதத்தைப் பார்த்தார். பிறகு, இத்தனை வயதில் இப்படி ஓட முடியும் என்று அவரே எதிர்பார்த்திராத வேகத்தில், தெருவைக் கடந்து ஓடினார்.

“ஐயா, நான் ஓட்டலுக்குப் போறேன்யா!” என்று தோன்ச்சோ தன் வெண்கலக் குரலில் பின்னாலிருந்து கூவினார். கிழவர் இன்னும் வேகமாக ஓடினார்.

இந்த இடத்தில் அவர் திரும்பியிருக்கலாம். அடுத்த வண்டி கோர்னாவுக்கு இருந்தது. ஆனால் திரும்பினால் அலமாரியில் கோட்டு. ஆகவே நடந்தார். தன் முகத்தைத் தானே தாண்டித் தாண்டி நடந்தார்.

‘நிசப்தம்’ மாளிகையின் கதவு திறந்திருந்தது. கதவில் கறுப்பு ரிப்பன். உள்ளே மெழுகுவத்தி வெளிச்சத்தில், காகிதத்தைப் படித்துவிட்டு வந்த ஒரு கூட்டம். எல்லோரும் கறுப்பு உடையில். நுழைந்ததும் ஒரு அம்மாள் அவர் கையில் ஒரு பிளாஸ்டிக் குவளையைக் கொடுத்தாள். கருமாதி வீடுகளில் கொடுக்கிற வேகவைத்த கோதுமை, மேலே பொடித்த சர்க்கரை, ஒரு சின்னக் கரண்டி. இந்த ஓட்டலில் இதுதான் வரவேற்புச் சடங்கு போலும் என்று நினைத்துக்கொண்டார். பயணக் களைப்பு, பசி. “ஆண்டவன் மன்னிக்கட்டும்,” என்று செத்தவர்களுக்காகச் சொல்வதைப் பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டு முழுக் குவளையையும் வழித்துத் தின்றார்.

“இன்னொன்னு கிடைக்குமாம்மா?”

“தாராளமா. சொந்தமா?”

“ரொம்ப நெருக்கம்,” என்றார் தோன்ச்சோ. “சர்க்கரை மட்டும் கொஞ்சம் கம்மி.”

இரண்டாவது குவளையில் பாதி இறங்கியபோதுதான் கூட்டத்தின் முன்னாலிருந்து நெவெனாவின் குரல் கேட்டது. தலையில் கறுப்புத் துணி. அவருடைய படத்துக்கு முன்னால் நின்றிருந்தாள்.

“நல்ல மனுஷன்னு எல்லாரும் சொல்றீங்க. அப்படியெல்லாம் ஒன்னும் கிடையாது,” என்றாள். “பொய் சொல்லுவான். குறட்டை விடுவான். சூப்பை உறிஞ்சுவான். கடலுக்கு முதுகு காட்டி உக்காந்து ரயிலுக்கு நேரம் பார்ப்பான். இனிமே நான் யாரோட சண்டை போடுவேன்? ஜன்னல் கேட்டேனே பாவி நான். ஜன்னலா பெரிசு?”

தோன்ச்சோவின் தொண்டையில் கோதுமை நின்றுவிட்டது. இருமினார். அந்த இருமலை நெவெனாவுக்குத் தெரியும். திரும்பினாள். கூட்டம் அலை பின்வாங்குவது போல இரண்டு பக்கமும் ஒதுங்கியது. குவளை கொடுத்த அம்மாள் கீழே உட்கார்ந்துவிட்டாள்.

நெவெனா மெதுவாக வந்து, அவர் கன்னத்தைத் தொட்டாள். பிறகு டையைத் தொட்டாள்.

“சூடா இருக்கே,” என்றாள். அப்புறம், “டையைக் கோணலா கட்டியிருக்கே. நீதான்.”

“நான்தான் நெவெனா. ஜன்னல் கிடைச்சிடுச்சு.”

அவள் முகம் மலரப் போன அந்தக் கணத்தில்தான் பின்னாலிருந்து ஒரு கைத்தட்டல். ஸ்லாவ்கா. அவள் மட்டும் கறுப்பு உடுத்தவில்லை. பச்சைக் கோட்டு போட்டு, உதட்டை இறுக்கி, சுவரோரமாக நின்றிருந்தாள்.

“சபாஷ்! சொன்னேனா இல்லையா? அவன் சாகலடி, சாகமாட்டான்னு சொன்னேனா இல்லையா? உன்னை அழ வச்சு வீட்டுக்கு இழுத்துட்டுப் போக இவனே அச்சடிச்சு இவனே ஒட்டியிருக்கான். கோதுமை வேற ரெண்டாவது தடவை வாங்கித் தின்னுட்டு நிக்கறான், பாரு!”

“மதினி, சத்தியமா நான் இல்ல. ஓட்டல்காரங்க...”

“ஓட்டல்காரனுக்கு என்ன பைத்தியமா, வர்றவனையெல்லாம் செத்துட்டான்னு ஒட்டறதுக்கு?”

நெவெனாவின் கை டையிலிருந்து இறங்கிவிட்டது. “எனக்கு நீ செத்துட்டேன்னு தோணிச்சு தோன்ச்சோ,” என்றாள். “ஓட்டலுக்குப் போன் பண்ணேன். வெள்ளிக்கிழமை வண்டியில வர்றார்னு சொன்னாங்க. பொட்டியில வைச்சுக் கொண்டு வர்றாங்கன்னு நினைச்சேன். உன் போன் எடுக்கல. கிரோவைக் கேட்டா, திரை மூடிக் கிடக்குங்கறான். இது விளையாட்டுன்னா... விளையாட்டுன்னா கோட்டை அனுப்பிடு. இன்னைக்கே.”

படிக்கட்டில் சத்தமே இல்லாமல் கலோயான் இறங்கி வந்தார். பின்னால் இவெலினா. இருவரும் கறுப்பில். துக்கத்துக்கு வந்த கூட்டத்திலிருந்து அவர்களைப் பிரித்துச் சொல்ல முடியாது.

“அருமை,” என்றார் கலோயான், கூட்டத்தைப் பார்த்து. “எங்க எந்த விருந்தினருக்கும் இவ்வளவு பேர் வந்ததில்ல.”

“நீங்களே சொல்லுங்க சார்,” என்று தோன்ச்சோ கெஞ்சினார். “அந்தக் காகிதத்தை யார் ஒட்டினது?”

“அது கேள்வி,” என்றாள் இவெலினா வருத்தத்தோடு.

கலோயான் கையை உயர்த்தினார். “பரவாயில்ல. எங்க நிறுவனத்துல தவறுன்னு ஒன்னு நடக்கறதில்லம்மா. அனுபவம்தான் நடக்கும். இது வரவேற்பு. படம் அவர் அனுப்பினது. அளவு அவர் சொன்னது. வாழ்க்கை அவர் சொன்னது; சின்னதா இருந்துச்சு, நாங்க பெருசாக்கினோம். எல்லாத்துக்கும் சம்மதம் சொன்னார். நாங்க யாரையும் கட்டாயப்படுத்தறதே இல்ல. மத்தபடி, நகரம் அழுதுச்சுன்னா அது நகரத்தோட ரசனை. இவ்வளவு நல்லா அமைஞ்சதை இப்போ இவர் உயிரோட நடமாடிக் கெடுத்துக்க வேண்டாம்னுதான் என் தாழ்மையான கருத்து.”

“கேட்டியாடி? எல்லாத்துக்கும் சம்மதமாம்!” என்றாள் ஸ்லாவ்கா.

“ஜன்னலுக்காகச் சொன்னேன்!” தோன்ச்சோவின் வெண்கலக் குரல் முதல் தடவையாக உடைந்தது. “கேட்டா கொடுக்க மாட்டாங்கன்னு எதையும் கேக்கல. ஜன்னலுக்காகத்தான் நெவெனா.”

நெவெனா படிக்கட்டுப் பக்கம் திரும்பினாள். “அப்போ அந்த ஜன்னலைக் காட்டு,” என்றாள்.

நாலு பேரும் மாடி ஏறினார்கள். ஸ்லாவ்கா பின்னாலேயே வந்தாள், குட்டு வெளிப்படுவதை விட்டுவிட மனமில்லாமல். ஏறும்போது கீழே கூட்டம் கலைகிற சத்தம் கேட்டது. பிறகு, யாரோ முன்கதவை மெல்லச் சாத்துகிற சத்தம்.

அறை நீளமாக, குறுகலாக இருந்தது. நடுவில் கட்டில், வால்நட் மரம், நாலு பக்கமும் உயரமான விளிம்பு, உள்ளே வெள்ளைச் சாட்டின். அச்சு அசலாகத் தோன்ச்சோவின் நீளம். தலைமாட்டில் ஆறு வெள்ளைப் பூ.

“ஒருத்தருக்குத்தானே இடம் இருக்கு,” என்றாள் நெவெனா.

“எங்க அனுபவத்துல ஒவ்வொருத்தரும் தனியாத்தான் வர்றாங்கம்மா,” என்றாள் இவெலினா.

நெவெனா போய்த் திரைச்சீலையை இழுத்தாள். கனத்த, வெள்ளைத் திரை. அதன் பின்னால் அழகான பழைய மரச்சட்டம், பித்தளைக் கைப்பிடி. கைப்பிடிக்கு அந்தப் பக்கம் செங்கல் சுவர், வெள்ளை பூசியது.

“கடல் எங்க?” என்றாள்.

கலோயான் முதல் தடவையாகப் புன்னகை செய்தார். “கடலை எல்லா ஓட்டலும் காட்டுது. மலிவு. நாங்க கடலோட நினைவை மட்டும் தர்றோம்.” சுவரில் ஒரு பொத்தானை அழுத்தினார். எங்கிருந்தோ அலைச் சத்தம் வந்தது. கூர்ந்து கேட்டால் அலைக்கு நடுவில் சரக்கு வண்டி ஒன்று தடம் மாறியது.

தோன்ச்சோ அந்தக் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தார். தலை தொங்கிப்போயிற்று. ஒரு கேள்வியும் இல்லாத ஆளாக, காகிதத்தில் போட்டிருந்தபடியே, உட்கார்ந்திருந்தார்.

“ஜன்னலும் பொய்,” என்றாள் ஸ்லாவ்கா. “இதுக்கு மேல என்னடி வேணும் உனக்கு? இவனும் ஓட்டல்காரனும் கூட்டு. இந்த ஆள் சொன்ன மாதிரி எதுவும் நடக்கவே இல்ல. வா, போகலாம். கதவு எங்க?”

நெவெனா அக்காவைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். அவள் கால் இன்னும் எந்தப் பக்கமும் திரும்பவில்லை.

“நீங்க ஸ்லாவ்கா அம்மாதானே?” என்றாள் இவெலினா, மெத்தென்று.

“ஆமா. அதுக்கென்ன?”

“தோன்ச்சோ ஐயாவைப் பத்தி நாலு வார்த்தை கேக்கறதுக்கு உங்களுக்குப் போன் பண்ணினோம். ஞாபகம் இருக்கா? நீங்க அவரைப் பத்தி எதுவுமே சொல்லல. ரொம்ப நேரம் உங்களைப் பத்தித்தான் சொன்னீங்க. முதுகு வலி, பக்கத்து வீட்டு நாய், யாரையும் நம்ப முடியாதது. நாங்க கேட்டுக்கிட்டே இருந்தோம். நிசப்தம்னா அதுதானே.”

“எங்க வேலையே பாதி முடிஞ்சுது,” என்றார் கலோயான். “முகம் ஒன்னுதான் பாக்கி இருந்துச்சு. இன்னைக்கு வாசல்ல வந்து நின்னீங்க, படம் எடுத்துக்கிட்டோம். அவ்வளவு பேருக்கு நடுவுல அழாமலும் சிரிக்காமலும் நேரா பார்த்த ஒரே முகம். நான் மனசார நன்றி சொல்றேன்.”

அவர் பக்கத்து அறைக் கதவைத் திறந்தார். அங்கே இன்னொரு கட்டில். முதல் கட்டிலைவிட ஒரு சாண் குட்டை. சாட்டின் இன்னும் முழுதாகத் தைத்து முடியவில்லை, ஊசி தொங்கிக்கொண்டிருந்தது. அதன் மேல் ஈரம் காயாத காகிதங்கள், பக்கத்தில் பசை வாளியும் தூரிகையும். மேல் காகிதத்தில் கறுப்புக் கட்டத்துக்குள், பச்சைக் கோட்டு போட்டு, உதட்டை இறுக்கிக்கொண்டு, ஸ்லாவ்கா. பெயருக்குக் கீழே பிறந்த வருஷம். பக்கத்தில் ஒரு கோடு.

“நான்... நான் இடம் கேக்கவே இல்லையே,” என்றாள் ஸ்லாவ்கா.

“கேக்காம வர்றவங்கதான் எங்களுக்கு ரொம்ப விசேஷம்,” என்றாள் இவெலினா. “அடுத்த வெள்ளிக்கிழமை சௌகரியப்படுமா?”

அலைச் சத்தம் அடங்கியது. ஸ்லாவ்கா வருஷத்துக்குப் பக்கத்தில் இழுத்திருந்த கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதைத் தாண்டி, செத்த வருஷத்துக்காகக் காலியாக விட்டிருந்த இடத்தைப் பார்த்தாள். பிறகு ஒரே எட்டில் இந்த அறைக்கு வந்து, தங்கை கையைப் பிடித்து இழுத்து, கட்டிலில் உட்கார்ந்திருந்த தோன்ச்சோவின் கைக்குள் திணித்தாள்.

“எழுந்திரிய்யா! நெவெனா, இவன் கையை விடாதே, வீட்டுக்கு நட. நானும் உங்களோடவே கோர்னாவுக்கு வந்துடறேன், எனக்கு ஜன்னலே வேண்டாம்.” இருவரையும் கதவுப் பக்கம் தள்ளினாள். “நடந்ததுடி! இந்த மனுஷன் சொன்னது ஒன்னு விடாம நடந்ததுதான்!”